கிணற்றை ஆழப்படுத்துவது பரிகாரமாகுமா?

கோடையில் ஒரு கிராமத்துக் கிணறு வற்றினால் அங்கே பெரும்பாலும் கேட்கப்படும் யோசனை ஒன்றே: இன்னும் ஆழமாகத் துளையிட வேண்டும் என்பது. விவசாயி இவ்வாறு எண்ணுவது இயல்பு. கண்ணெதிரே பயிர் வாடிக்கொண்டிருக்கையில் வேறெதையும் எண்ணிப்பார்க்க அவருக்கு அவகாசம் இல்லை. துளையிடும் இயந்திரம் வைத்திருப்பவர் அவ்வாறு கூறுவதும் இயல்பே. அது அவருடைய தொழில். ஆனால், வேளாண்மைத் துறையின் கள ஊழியரும், கிராமப் பள்ளி ஆசிரியரும் அதே யோசனையை ஆமோதித்து வருவதுதான் கவலைக்குரியது. ஆழப்படுத்துதல் நீர்ப் பஞ்சத்திற்குப் பரிகாரம் அன்று; பல இடங்களில் அது அந்நோயின் அடுத்த கட்டமே ஆகும். இதனை மக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு அவர்களோடு அன்றாடம் பழகும் இவ்விரு சாராரையே பெரிதும் சார்ந்துள்ளது.

உலகில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்கும் நாடு இந்தியா. உலகம் முழுவதும் இறைக்கப்படும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இங்கே இறைக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் ஆண்டுதோறும் நிலத்தினின்று எடுக்கப்படும் நீர் சுமார் 24,100 கோடி கன மீட்டர். அதில் 87 சதவீதம் பாசனத்திற்கே செல்கிறது. எடுக்கத்தக்க நீரில் நாடு முழுமைக்குமாகச் சேர்த்து 59 சதவீதமே எடுக்கப்படுகிறது என்று அதே மதிப்பீடு கூறுகின்றது. இந்தச் சராசரியைக் கண்டு ஆறுதல் கொள்வோர் உளர். அஸ்ஸாமில் மிஞ்சிக் கிடக்கும் நீர் இராஜஸ்தானத்துக் கிணற்றில் ஊறுவதில்லை. அம்மதிப்பீட்டில் கணக்கெடுக்கப்பட்ட 6,553 வட்டாரங்களுள் 736 வட்டாரங்களில், மழையாலும் பிறவற்றாலும் ஆண்டுதோறும் நிலத்தில் சேரும் நீரைக்காட்டிலும் இறைப்பு மிகுதி என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. அவ்வட்டாரங்களில் பஞ்சாபின் பங்கு பெரிது. அம்மாநிலத்தின் 153 வட்டாரங்களுள் 117 இவ்வகையைச் சேர்ந்தவை. நூறு பங்கு எடுக்கத்தக்க இடத்தில் அங்கே சுமார் 164 பங்கு எடுக்கப்படுகிறது.

பஞ்சாபின் வரலாறு இங்குச் சற்று விரிவாகவே சொல்லத்தக்கது. இன்று நீர்மட்டம் தாழ்ந்துவிட்டதே என்று வருந்தும் அம்மாநிலத்தில், 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் இருந்த குறை இதற்கு நேர்மாறானது. கால்வாய்களிலிருந்து கசிந்த நீரால் நிலத்தடி நீர்மட்டம் மேலெழுந்து, வயல்கள் ஊறிச் சேறாகிப் பின் உவர் பூத்தன. நீர் ஊறிக் கெட்ட நிலத்தை ‘ஸேம்’ என்றும், உப்புப் பூத்த நிலத்தை ‘தூர்’ என்றும் அந்நாட்டு உழவர் அழைத்தனர். குழாய்க் கிணறுகள் அமைத்து நீரை இறைத்தால் பாசனத்துக்குப் பாசனமும் ஆகும், நீர்மட்டமும் தணியும் என்று அக்காலத்து நிபுணர்கள் கூறியது முற்றிலும் சரியான யோசனையே. பரிகாரமாகத் தொடங்கியது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் எவரும் குறித்து வைக்கவில்லை.

1965-ஆம் ஆண்டில் இந்திய உணவுக் கழகமும், விளைபொருள் விலைக் கமிஷனும் தோன்றின. புதிய குட்டைரக விதைகள் வந்தன. கோதுமையோடு நின்றிருந்தால் இவ்வளவு இறைப்பு நேர்ந்திராது. ஆனால் உறுதியான விலைக்கு உறுதியாகக் கொள்முதல் செய்யப்பட்ட மற்றொரு தானியம் நெல். மக்காச்சோளமும், பருப்பு வகைகளும், நிலக்கடலையும் விளைந்த நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெல்வயல்களாயின. 1970-71-இல் பஞ்சாபில் நெல் பயிரான பரப்பு 4 இலட்சம் ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. இன்று அது 30 இலட்சம் ஹெக்டேருக்கு மேல். அதே ஆண்டில் அங்கிருந்த குழாய்க் கிணறுகள் ஏறத்தாழ 1.9 இலட்சம், இன்று 14 இலட்சத்துக்கு மேல். 1997-இல் விவசாயத்திற்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்டபின், இறைக்கும் நீருக்கு விலை என்பதே இல்லாமற் போயிற்று.

நீர்மட்டம் தாழ்ந்தபோது அந்த உழவர்கள் செய்தது என்ன? மையவிலக்குப் பம்பு தரைமேல் நின்று நீரை உறிஞ்சும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. காற்று மண்டலத்தின் அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 6, 7 மீட்டருக்குமேல் உறிஞ்சுதல் கடினம். ஆகவே, நீர்மட்டம் அந்த எல்லைக்குக் கீழே போனதும், உழவர்கள் கிணற்றருகே குழி வெட்டிப் பம்பை அக்குழிக்குள் இறக்கினர். மட்டம் மேலும் தாழவே குழியும் ஆழமாயிற்று. பழுது பார்க்க அக்குழிகளில் இறங்கியவர்கள் நச்சுக்காற்றால் மூச்சடைத்து மாண்டதும் உண்டு. இறுதியில் குழிகளைக் கைவிட்டு, நீர்மூழ்கிப் பம்புகளைப் பெருஞ்செலவில் இறக்கினர். அச்செலவு ஏற்க இயலாத சிறு உழவர்களின் ஆழமில்லாத கிணறுகள், அண்டை நிலத்து ஆழ்கிணறு இயங்கத் தொடங்கியதும் வறண்டு நின்றன. அவர்கள் கடன்பட்டுத் தாமும் ஆழப்படுத்தினர், அல்லது அண்டை நிலத்தாரிடம் நீரை விலைக்கு வாங்கினர், அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை தேடினர்.

இதற்கான இயற்பியல் எளியது. எட்டாம் வகுப்பு மாணவனும் புரிந்துகொள்வான். ஒரு கிணற்றிலிருந்து நீரை இறைக்கும்போது, அக்கிணற்றைச் சூழ்ந்த நிலத்தடி நீர்மட்டம் தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்று தாழ்கிறது. இறைப்பு மிக மிக அக்கூம்பு ஆழமாவதோடு அகன்றும் விரிகிறது. அடுத்த கிணற்றின் கூம்பைத் தொட்டதும் இரண்டு தாழ்வுகளும் ஒன்றோடொன்று கூடுகின்றன. எனவே ஒருவர் தம் கிணற்றை ஆழப்படுத்துவதால் புதிய நீர் எதுவும் உண்டாவதில்லை. பக்கத்திலுள்ளவர் கிணற்றுக்குச் செல்ல வேண்டிய நீர் திசை மாறித் தம் கிணற்றுக்கு வருகிறது. தம் நிலத்தின் கீழுள்ள நீரைத் தாம் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு என்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் கருத்து. வேலியும் வரப்பும் நிலத்தின் மேலேதான் உண்டு, கீழே இல்லை என்பதை அச்சட்டம் கருதவில்லை. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் அதனால் பெருந்தீங்கு விளையவில்லை. நாள் முழுவதும் ஓடும் மின்விசைப் பம்பின் காலத்திலும் அதே உரிமை அப்படியே நிலவுவது பொருந்தாது.

மின்சாரச் செலவையும் ஒரு கணக்கால் காட்டலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் 1 மீட்டர் உயரத்துக்குச் சமமான நீரைப் பாய்ச்ச ஏறத்தாழ 4,000 கன மீட்டர் நீர் வேண்டும். அதனை 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேற்ற, புவியீர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டும் சுமார் 109 யூனிட் மின்சாரம் தேவை. 60 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றச் சுமார் 654 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 40 பங்கு திறமையுடன் இயங்குவதாகக் கொண்டால், இவை முறையே 272, 1,635 யூனிட் ஆகின்றன. விளையும் நெல்லில் ஒரு மணியும் கூடவில்லை. மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி மட்டும் ஆறு மடங்காகிறது. இலவச மின்சாரம் என்ற சொல்லால் இச்செலவு மறைகிறதேயன்றி ஒழிவதில்லை.

கிணற்றில் அளந்து அறிந்த இத்தாழ்வை வானத்திலிருந்தும் அளந்திருக்கின்றனர். 2002-இல் அமெரிக்க, ஜெர்மானிய விஞ்ஞானிகள் செலுத்திய இரட்டைத் துணைக்கோள்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, தமக்கிடையேயுள்ள தொலைவில் ஏற்படும் நுண்ணிய மாறுதல்களைக் கொண்டு புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வை அளந்தன. ஓரிடத்து நிலத்தடியிலிருந்து பெருமளவு நீர் நீங்கினால் அங்குப் பொருண்மை குறையும்; ஈர்ப்பும் இம்மியளவு குறையும். 2009-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியாணா, டில்லி, இராஜஸ்தானம் ஆகிய பகுதிகள் இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். பக்ரா அணையின் கோவிந்த சாகர் நீர்த்தேக்கம் முழுவதும் நிரம்பினால் கொள்ளும் நீரைப்போல் இது பதினொரு மடங்குக்கும் மேல். அவ்வாண்டுகளில் அப்பகுதியில் மழை பெரிதும் பொய்த்துவிடவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. பொய்த்தது மழையன்று, கணக்கு.

ஆழத்தில் கிடைக்கும் நீரும் நீர்தானே, இருக்கும்வரை எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்போர்க்கு வடகுஜராத்தின் அனுபவம் தக்க விடையளிக்கும். மேஹ்ஸாணா, பாடன், பனாஸ்காண்டா மாவட்டங்களில் மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த ஆழ்ந்த படுகைகள் உள்ளன. மேலடுக்கின் நீர் தீர்ந்ததும் உழவர்கள் கூட்டாகப் பணம் திரட்டி, களிமண் படலங்களால் அடைபட்ட கீழடுக்குகளுக்குத் துளையிட்டனர். பல இடங்களில் ஆழம் 300 மீட்டரையும் கடந்தது. இத்தகைய அடைபட்ட அடுக்கில் உள்ள நீர், நெடுங்காலத்துக்குமுன் எங்கோ தொலைவில் பெய்த மழையின் சேமிப்பு. இவ்வாண்டு வயலில் பெய்யும் மழை அதனைச் சென்று சேருவதில்லை. வங்கியில் வைத்த முதலை எடுத்து அன்றாடச் செலவு செய்பவர் வட்டியைக் குறித்துப் பேசுவதில் பொருளில்லை.

மேலும், நெடுங்காலம் பாறைத் துகள்களோடு உறவாடிய நீர் அவற்றிலுள்ள பொருள்களைக் கரைத்து வைத்திருக்கும். அவற்றுள் ஒன்று புளோரைடு. நீரில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் போதிய அளவு இருந்தால், அது புளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும், புளோரைடு மட்டுப்படும். ஆழ்ந்த அடுக்கின் நீரிலோ கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருத்தலால், புளோரைடு கரைந்தே நிற்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காத இடத்தும் 1.5 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். வடகுஜராத்தின் பல ஊர்களில் கிணறு ஆழமாக ஆழமாக இவ்வெல்லை மீறப்பட்டது. குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை தோன்றுவது முதல் அறிகுறி. பல்லாண்டுகள் பருகியோரின் எலும்பும் மூட்டும் விறைத்துப் போகின்றன. இந்நோய்க்கு மருந்தில்லை, நீரை மாற்றுவதொன்றே வழி. அப்பகுதிகளுக்குப் பின்னர் நர்மதை நீரைக் குழாய் வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவர நேர்ந்தது. வகுப்பில் மாணவர்களின் பற்களை நாள்தோறும் காணும் ஆசிரியர், மருத்துவருக்கு முன்பே இதனைக் கண்டறியக்கூடியவர் என்பதைக் குறிப்பிட வேண்டும். கறை கண்ட பள்ளியின் குடிநீரைப் பரிசோதனைக்கு அனுப்புதல் அவர் செய்யத்தக்க பெரிய சேவை.

குஜராத்தின் மற்றொரு பக்கமாகிய சௌராஷ்டிரக் கடற்கரையில் நேர்ந்தது வேறு வகை. மாங்க்ரோல், சோர்வாட், வேராவல் வட்டாரம் ஒருகாலத்தில் தென்னையும் வெற்றிலைக் கொடியும் தழைத்த பசுமைப் பகுதி. ‘லீலி நாகேர்’, அதாவது பசிய நாகேர் நாடு, என்றே அதற்குப் பெயர். அங்குள்ள சுண்ணாம்புப் பாறை நீரை எளிதிற் கொடுக்கும். கடல் நீரையும் எளிதில் உள்ளே விடும். கடற்கரையோர நிலத்தின்கீழ் நன்னீர், அதனினும் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர்வரை நன்னீர் இருக்கும். 1889-இல் ஹாலந்து நாட்டுக் கைபென் என்பவரும், 1901-இல் ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்ட விதி இது. இதனைத் திருப்பிப் படித்தால் அதன் கொடுமை விளங்கும். நன்னீரின் உயரத்தை இறைப்பினால் 1 மீட்டர் தாழ்த்தினால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலெழும். கடற்கரைக் கிணற்றை ஆழப்படுத்துபவர் நன்னீரைத் தேடிச் செல்வதாக எண்ணி உப்புநீரைச் சந்திக்கச் செல்கிறார். எஞ்சின் பம்புகள் பெருகியபின் அக்கரையோரத்தில் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்நாடு புகுந்தது. 1976-இலும் 1978-இலும் மாநில அரசு உயர்மட்டக் குழுக்களை அமைத்து ஆராய்ந்தது. ஆற்று முகத்துவாரங்களில் ஏற்ற நீரைத் தடுக்கும் மதகுகளும், நன்னீரைத் தேக்கும் அணைக்கட்டுகளும், நீரைப் பரப்பும் கால்வாய்களும் கட்டப்பட்டன. ஒருமுறை உப்பேறிய அடுக்கைக் கழுவி மீட்பது எளிதன்று. ஏறிய வேகத்தில் அது இறங்குவதில்லை.

இவ்விரு தீங்குகளும் கிணற்று நீரிலேயே தோன்றுவதால் மக்கள் அவற்றைக் கண்டுகொள்கின்றனர். ஆறுகளுக்கு நேரும் தீங்கு அவ்வாறு எளிதில் புலப்படுவதில்லை. மழை நின்ற பின்னரும் ஓர் ஆற்றில் நீர் ஓடுகிறதென்றால், பனிமலையில் பிறவாத ஆறுகளில், அது கரைகளின் நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் நீரே. நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்குக் கீழே தாழ்ந்தால், நிலம் ஆற்றுக்கு ஊட்டுவது நின்று, ஆறு நிலத்துக்கு ஊட்டத் தொடங்கும். பெங்களூருக்கு மேற்கே ஓடும் அர்க்காவதி இதற்குச் சான்று. 1930-களில் அந்நகரின் குடிநீருக்காக அவ்வாற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. பிற்காலத்தில் அதற்கு வந்த நீர் மிகவும் குறைந்துபோயிற்று. ஆராய்ந்தவர்கள் மழை குறைவே இதற்குக் காரணம் என்பதை ஏற்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் பெருகிய ஆழ்துளைக் கிணறுகளையும் தைல மரத் தோப்புகளையுமே சுட்டினர். கிணறு தோண்டியவர் எவரும் ஆற்றிலிருந்து ஒரு குடம் நீரும் எடுக்கவில்லை. ஆயினும் ஆறு வற்றிற்று. நிலத்தடி நீரும் ஆற்று நீரும் இருவேறு பொருள்கள் என்று கருதி, ஒன்றுக்கு ஓர் அலுவலகமும் மற்றொன்றுக்கு வேறோர் அலுவலகமும் வைத்துப் பார்ப்பதில் உள்ள குறை இதுவே.

இறைப்பால் களிமண் அடுக்குகள் இறுகி நிலமே தாழ்ந்துபோதலும் உண்டு. டில்லியில் கபஷேரா பகுதியில் நிலம் அமிழ்ந்து வருவதைத் துணைக்கோள் ராடார் மூலம் கண்டிருக்கின்றனர். இறுகிய களிமண் மீண்டும் மழை பெய்தால் பழையபடி விரிவதில்லை.

இங்கு ஒரு கேள்வி எழலாம். தீங்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது சட்டத்தால் தடுக்கலாகாதா? பஞ்சாப் அதனையும் முயன்றது. வெயில் கடுமையான மே மாதத்திலேயே நாற்று நட்டு, மழை வருமுன் வயலை நீரால் நிரப்பி வைக்கும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. அந்நீரில் பெரும்பங்கு ஆவியாகிவிடும். 2009-ஆம் ஆண்டில் பஞ்சாபும் ஹரியாணாவும் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. மே 10-ஆம் நாளுக்கு முன் நாற்றங்கால் விடலாகாது, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்று பஞ்சாபின் சட்டம் விதித்தது. விதி பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. ஆயினும் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சின. அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற வைக்கோலையும் தாளையும் அகற்ற நேரமின்றி உழவர்கள் தீயிட்டனர். இவ்வழக்கம் முன்பும் இருந்ததே. சட்டத்துக்குப் பின் அது அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கம் ஆகிய நாட்களில் குவிந்தது. அந்நாட்களில் காற்றின் வேகம் குறைந்து புகை கலையாமல் நிற்கும். இவ்வாறு, நிலத்தடியில் நேர்ந்த குறையைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு, வட இந்திய நகரங்களின் காற்றில் ஒரு குறையாக வெளிப்பட்டது. சட்டம் தவறு என்பதன்று இதன் கருத்து. நெல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதன் நாளை மட்டும் மாற்றினால் இத்தகைய விளைவே மிஞ்சும்.

பயிரை மாற்ற வேண்டும் என்பது புதிய யோசனையும் அன்று. பொருளியல் அறிஞர் எஸ். எஸ். ஜோஹல் தலைமையில் அமைந்த குழு 1986-ஆம் ஆண்டிலேயே, நெல்-கோதுமைப் பரப்பில் 20 சதவீதத்தை வேறு பயிர்களுக்கு மாற்றுமாறு பஞ்சாப் அரசுக்குப் பரிந்துரைத்தது. அதன் பின்னர் நெல்லின் பரப்பு குறையவில்லை, கூடிற்று. இதற்கு உழவரைக் குறைகூறுதல் நியாயமாகாது. நெல்லுக்கு அரசின் கொள்முதல் உறுதி. மக்காச்சோளத்துக்கும் பயறுக்கும் விலை அறிவிக்கப்பட்டாலும் வாங்குவோர் உறுதியில்லை. நாட்டின் பசி தீர்க்குமாறு அவரை அழைத்தது நாடு, அவரும் தீர்த்தார். இப்பொழுது நிலத்தை வறளச் செய்தவர் என்று அவரையே சுட்டுவது நன்றன்று. 2020-இல் ஹரியாணா அரசு, நெல்லை விட்டு வேறு பயிரிடுவோர்க்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2022-இல் பஞ்சாப், நாற்று நடாமல் நேரடியாக விதைப்போர்க்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கனவே. எனினும் மாற்றுப் பயிருக்கும் நெல்லுக்குள்ள அதே கொள்முதல் உறுதி கிடைக்கும்வரை இத்தகைய ஊக்கத் தொகைகளின் பயன் சிறிதாகவே இருக்கும்.

ஆழப்படுத்துவதற்கு மாற்றாகக் களப்பணியாளர் வழக்கமாகக் கூறும் வேறு இரண்டு யோசனைகளையும் எச்சரிக்கையோடு கூற வேண்டியுள்ளது. ஒன்று சொட்டு நீர்ப் பாசனம். மிச்சப்பட்ட நீரைக்கொண்டு இன்னும் இரண்டு ஏக்கரைப் பாசனத்தில் சேர்த்தால், நிலத்திலிருந்து எடுக்கும் அளவு குறையாது; முன்பு வயலில் கசிந்து கீழே திரும்பிச் சென்ற நீரும் நின்றுபோகும். மற்றொன்று தடுப்பணைகளும் ஊட்டக் கிணறுகளும். மழைநீரை நிலத்தில் சேர்ப்பது நற்செயலே. ஆனால் மேல்புறத்து ஊர் முழுவதையும் தேக்கிக்கொண்டால் கீழ்ப்புறத்து ஊருக்கு வரும் நீர் குறையும். உரமும் பூச்சிமருந்தும் கலந்த வயல்நீரை வடிகட்டாமல் குழாய் வழியே ஆழத்துக்கு இறக்குவது பொதுச் சொத்தில் நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும். வரவைப் பெருக்கும் எந்த ஏற்பாடும், செலவை வரையறுக்காதவரை, இறைப்பவருக்கு மேலும் இறைக்கத் துணிவு தருவதாகவே முடியும்.

செலவை வரையறுத்துக் காட்டிய ஊர்களும் உள்ளன. மகாராஷ்டிரத்தில் முன்பு அகமத்நகர் எனப்பட்ட மாவட்டத்தின் மழைமறைவுப் பகுதியிலுள்ள ஹிவ்ரே பஜார் என்னும் சிற்றூர், 1990-களில் மண், நீர்ப் பாதுகாப்புப் பணிகளைச் செய்ததோடு நில்லாமல், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டலாகாது என்றும், கரும்பும் வாழையும் பயிரிடலாகாது என்றும் தானே முடிவு செய்துகொண்டது. மழை அளவைக் கணக்கிட்டு, அவ்வாண்டு எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்பதைக் கிராம சபை தீர்மானிக்கிறது. தடுப்பணைகள் கட்டிய ஊர்கள் நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்குத் தடை விதித்துக்கொண்ட ஊர்கள் அரிது. ஹிவ்ரே பஜாரைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் அணைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர்.

ஆந்திர நாட்டில் நடந்த முயற்சி கள ஊழியருக்கு இன்னும் நெருங்கியது. 2000-களில் அனந்தபூர், சித்தூர், கடப்பை, கர்நூல், மகபூப்நகர், நல்கொண்டா, பிரகாசம் ஆகிய 7 மாவட்டங்களில், உழவர்களே தம் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்தனர். மழைமானி வைத்து மழையைக் குறித்தனர். பம்பு ஒரு மணி நேரத்தில் தரும் நீரைக் கணக்கிட்டனர். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, கிடைத்த நீர் இவ்வளவு, விதைக்க எண்ணியுள்ள பயிருக்கு வேண்டிய நீர் இவ்வளவு என்று பலகையில் எழுதிப் பார்த்தனர். எவரையும் எதையும் செய்யுமாறு கட்டாயப்படுத்தவில்லை. கணக்கைக் கண்ட பலர் நெற்பரப்பைத் தாமே குறைத்துக்கொண்டனர். அது கடும்பாறை நாடு. பாறை வெடிப்புகளில் உள்ள நீர் ஓராண்டில் தீர்ந்துவிடுவதால் தவற்றின் பலனும் அவ்வாண்டே தெரியும். பஞ்சாபின் ஆழ்ந்த வண்டல் மண்ணில் அப்பலன் தெரிய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின. அளவீடு அங்கேதான் இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆயினும், ஊர்தோறும் நீர்க்கணக்கு வைக்க உதவுமாறு 2019 டிசம்பரில் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் அடல் நிலத்தடி நீர்த் திட்டத்தில் இடம்பெற்ற 7 மாநிலங்களுள் பஞ்சாப் இல்லை.

கிணறு வற்றியது என்று ஓர் உழவர் வந்து சொல்லும்போது, கள ஊழியர் முதலில் கேட்க வேண்டியது, சென்ற ஆண்டு இதே மாதத்தில் நீர் எத்தனை மீட்டரில் இருந்தது என்பதே. அதற்கு முந்திய ஆண்டில் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு ஏறிற்று என்றும் கேட்க வேண்டும். மழைக்குப் பின் நன்றாக ஏறிக் கோடையில் வற்றும் கிணறு வேறு. மழைக்குப் பின்னும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வரும் கிணறு வேறு. முன்னதற்குப் பயிரின் காலத்தையும் பரப்பையும் மாற்றினால் போதும். பின்னதை ஆழப்படுத்துமாறு கூறுவது, உழவரைக் கடனிலும் ஊரை வறட்சியிலும் தள்ளுவதாகும். இக்கேள்விகளுக்கு விடை பெரும்பாலான ஊர்களில் எவரிடமும் இராது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கும் கண்காணிப்புக் கிணறுகள் எல்லா ஊரிலும் இல்லை.

இக்குறையைப் பள்ளி நீக்கலாம். வேண்டுவன ஓர் அளவு நாடாவும், அதன் நுனியில் கட்ட ஒரு சிறு எடையும், ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும். நாடாவின் கீழ்ப்பகுதியில் சுண்ணம் பூசிக் கிணற்றுக்குள் இறக்கி, கிணற்று விளிம்பில் ஒரு முழு மீட்டர் குறியில் பிடித்து நிறுத்தி, பின் மேலே இழுத்தால், சுண்ணம் நனைந்த அளவு தெளிவாகத் தெரியும். பிடித்த அளவிலிருந்து நனைந்த அளவைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். பம்பு நின்று சில மணி நேரம் கழித்து, காலையில், ஒவ்வொரு முறையும் விளிம்பின் அதே இடத்திலிருந்து அளக்க வேண்டும். ஆழமில்லாத கிணறு ஒன்றையும் ஆழ்குழாய்க் கிணறு ஒன்றையும் தேர்ந்து இரண்டையும் தனித்தனியே குறிப்பது நல்லது; அளக்கும் மாணவர்களோடு ஆசிரியர் கிணற்றடியில் இருப்பது கட்டாயம். ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் ஆகிய நான்கு மாதங்களின் அளவுகளையும் பள்ளிச் சுவரில், தெருவிலிருந்து படிக்கக்கூடிய பெரிய எழுத்தில், ஆண்டுவாரியாக எழுதிவர வேண்டும். நவம்பர் அளவை மட்டும், கோதுமை விதைப்பும் பிற குளிர்காலப் பயிர்களின் விதைப்பும் தொடங்குமுன் கிராம சபையில் படித்துக் காட்டும் பொறுப்பைக் கள ஊழியர் ஏற்க வேண்டும்.